நோன்பு மாசத்தில் எடுத்த கணக்கு

பீர் சாயபு சந்தில் சிகரெட் பிடிக்கிற ஆண்பிள்ளையே கிடையாது என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தவள் ஷம்ஷாத். எழுதிக் கொடுத்த மாசத்தில் அது பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை. பகல் பூராவும் மெய். பொழுது சாய்ந்து, நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, தொழுதுவிட்டு டீக்கடைப் பக்கம் வந்த பிற்பாடு பொய். ஆனால் வீடு வீடாகக் கணக்கெடுப்பது பகலில்தானே.

சந்து மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆட்டோ உள்ளே நுழையும். திரும்ப இடமில்லாமல் பின்னுக்கு ஊர்ந்தபடியேதான் வெளியே வரும். எழுபது வீடு. பாதிக்கு மேல் தையல் வேலைதான். கோட்டு தைக்கிறவர்கள், ரவிக்கை தைக்கிறவர்கள், காஜா எடுக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் பட்டனும் லைனிங் துணியும் விற்கிறவர்கள். நாள் முழுக்க மிஷின் சத்தம். கரண்ட் போனால்தான் சந்துக்குள் மனிதர்கள் இருமுவது கேட்கும்.

ஷம்ஷாத்துக்கு நாற்பத்தெட்டு வயசு. பத்தாவது பாஸ். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் களப்பணி. தோளில் பையை மாட்டிக்கொண்டு போய் பிரஷர் பார்ப்பாள், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பாள், மாசத்துக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருவாள். யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பது அவளுக்கு மனப்பாடம். கல்யாண வீட்டில் பிரியாணிக்கு அப்புறம் ஃபிர்னிக்குக் கை நீட்டுகிறவர்கள், ஷம்ஷாத் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டுதான் நீட்டுவார்கள். அந்த மரியாதை அவளுக்குக் கொஞ்சம் பிடிக்கவும் செய்தது.

அவள் புருஷன் மெஹபூப் பாஷா, ஆழ்வார்பேட்டையில் ஒரு ரவிக்கைக் கடையில் கட்டிங் மாஸ்டர். ஐம்பத்தாறு வயசு. காலை பத்திலிருந்து மேஜை முன்னால் நின்றபடி, பன்னிரண்டு இன்ச் கத்திரியால் பட்டும் பருத்தியும் வெட்டுகிற வேலை. வெட்டின துணியை இன்னொரு தரம் வெட்ட முடியாது என்பதால் பேச்சைக் காட்டிலும் கையை நம்புகிற மனுஷன். ஆனால் பேச ஆரம்பித்தால் கடையே சிரிக்கும். ரெண்டு ரவிக்கைக்கு ஒரு டீ, ஒரு டீக்கு ஒரு தம். பதினாறு வயசில் காஜா எடுக்கப் போன இடத்தில் பிடித்த பழக்கம். வீட்டுக்குள் மட்டும் பிடித்ததே இல்லை. அதைப் பெரிய தியாகம் போல முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரம்ஜான் வந்தால் சந்தில் மற்றவர்கள் பகலில் விட்டு, ராத்திரியில் வட்டியோடு பிடிப்பார்கள். மெஹபூப் பாஷா அப்படியில்லை. முப்பது நாளும் தொடமாட்டார். ஒவ்வொரு வருஷமும் ஷம்ஷாத் இந்தத் தடவை இதோடு போய்விடும் என்று நினைப்பாள். பெருநாள் தொழுகை முடிந்து, எல்லாரையும் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லி, வீட்டுக்கு வருகிற வழியில் முதல் தம். வீட்டுக்கு வந்ததும் அவள் மோந்து பார்ப்பாள். அவர் வாயை மூடிக்கொண்டு சேமியாவைக் கேட்பார்.

மாசி மாசத்தில் டாக்டர் அனுப்ரியா களப்பணிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தாள். சின்ன வயசு டாக்டர். ஒரு விஷயத்தை மூன்று தரம் சொல்லுவாள், மூன்று தரமும் கோபமில்லாமல் சொல்லுவாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஸ்கேன் பஸ் ஒன்று அனுப்பப் போகிறது. நுரையீரலில் கேன்சர் இருக்கிறதா என்று லேசான கதிரில் பார்க்கிற ஸ்கேன். ஊரையே அதில் படுக்கவைக்க முடியாது, யாரைப் படுக்கவைப்பது என்று நாம்தான் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். ஐம்பது வயசுக்கு மேலே. ஒரு நாளைக்கு இருபது சிகரெட் வீதம் இருபது வருஷம், பத்து வீதம் என்றால் நாற்பது வருஷம். விட்டுவிட்டவர்களும் சேர்த்தி.

"இருமல் வந்தவங்களைத் தேடாதீங்க. அவங்க தானா வருவாங்க, ஆனா அதுக்குள்ள நாள் தாண்டியிருக்கும்," என்றாள் டாக்டர். "நல்லா இருக்கேன்னு சொல்றாங்க பாருங்க, அவங்களைத்தான் நாம கண்டுபிடிக்கணும்."

போனில் ஒரு படிவம் ஏற்றிக் கொடுத்தார்கள். முதல் கேள்வி, புகைப்பவரா. ஆம், விட்டுவிட்டார், இல்லை என்று மூன்று கட்டம். முதல் ரெண்டில் எதைத் தொட்டாலும் இன்னும் ஒன்பது கேள்வி திறக்கும். இல்லையைத் தொட்டால் பக்கம் மூடிக்கொண்டு அடுத்த ஆள் வருவார்.

கணக்கெடுப்பு ஆரம்பித்த அன்றைக்கே பிறை தெரிந்துவிட்டது.

நோன்பு வைத்துக்கொண்டு ஷம்ஷாத் மாடி மாடியாக ஏறினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற கேள்விகளுக்கெல்லாம் சிரித்தபடி பதில் சொன்ன சந்து, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் முகத்தை மாற்றியது. ஒரு வீட்டில் தாயார் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள், மகனிடம் எப்படிக் கேட்பது? இன்னொரு வீட்டில் மருமகன் வந்திருந்தான். பட்டன் கடை ஆசிஃப் தன் கடைக்குள், ஜிப் பெட்டிகளுக்கு நடுவில், தொப்பி போட்டுக்கொண்டு குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தான். மெஹபூப் பாஷாவின் கூட்டாளி, ஐம்பத்திரண்டு வயசு. தினம் இருவரும் ஒரே தீக்குச்சியில்தான் பற்றவைப்பார்கள். அவனிடமே கேட்டாள்.

"இன்னா பாபி, நோன்பு வச்சுக்கினு கீறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றான். கோபமில்லை, வருத்தம்தான். "கையில ஓதற புஸ்தகம் கீது. இப்போ பிடிக்கிறியான்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்? இல்ல. போட்டுக்க."

போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் கேட்பதையே சுருக்கிக்கொண்டாள். பேரைக் கேட்பாள், வயசைக் கேட்பாள், தலையைக் குனிந்துகொண்டு தானே இல்லையைத் தொடுவாள். நோன்பு வைத்திருக்கிற மனுஷனை அவமானப்படுத்தக் கூடாது என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். ஒன்பது கேள்வி மிச்சமாவதும், வெயிலும், அஸர் தொழுகைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டியிருப்பதும் அந்தக் காரணத்துக்குப் பின்னால் கைகட்டி நின்றன.

கடைசியாக மிஞ்சியது அவள் வீடு. கஞ்சிக்குப் பாசிப்பருப்பும் அரிசியும் குழைந்துகொண்டிருந்தது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். மெஹபூப் பாஷா, ஐம்பத்தாறு. புகைப்பவரா. பன்னிரண்டு நாளாக அவர் தொடவில்லை. அடுத்த தெரு பார்க்கிற சீதாதான் எல்லாருடைய கணக்கையும் சேர்த்து அனுப்புகிறவள். மாத்திரைக்காரி வீட்டிலேயே இப்படியா என்று அவள் மனசுக்குள் சிரிக்கலாம். ஷம்ஷாத் இல்லையைத் தொட்டாள். தொட்டபோது ஒரு நிம்மதி வந்தது. எழுதிவிட்டதாலேயே அது நடந்துவிடும் போல.

சித்திரையில் பட்டியல் வந்தது. சீதாவின் தெருவில் பத்தொன்பது பேர். பீர் சாயபு சந்தில் ஒருத்தரும் இல்லை. டாக்டர் கூட்டத்தில் ஆச்சரியப்பட்டு, இந்தச் சந்து மாதிரி எல்லாச் சந்தும் இருந்தால் நமக்கு வேலையே இல்லை என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஷம்ஷாத்துக்கு ஒரு எவர்சில்வர் டப்பா பரிசு. அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். பல தடவை பின்னால் நினைத்துப் பார்த்தாள், அப்போது தன் வாயை அடைத்தது வெட்கமா, டப்பாவா என்று. டப்பா சின்னதுதான், அரைக் கிலோ சர்க்கரை பிடிக்கும்.

பக்ரீத் வாக்கில் மெஹபூப் பாஷாவுக்கு வலது தோளில் வலி. கத்திரி பிடிக்கிற கை. கட்டிங் மாஸ்டருக்குத் தோள் வலிக்காமல் மூக்கா வலிக்கும் என்று அவரே சொன்னார். தைலம் தேய்த்தார்கள். வெந்நீர் ஒத்தடம். எண்ணெய் போட்டுக் கட்டுகிற வைத்தியரிடம் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு மாசம் அந்தக் கட்டோடு இடது கையால் சாக்குக்கட்டி பிடித்து அளவு போட்டார். ஆனியில் சுண்டுவிரல் மரத்துப்போயிற்று. கடையில் ஒரு பட்டுத்துணி, முதல் தடவையாக, கோணலாக வெட்டுப்பட்டது. அன்றைக்கு அவர் சிரிப்பு எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார். ஷம்ஷாத் அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கேயிருந்து பெரிய ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, ஸ்கேன், ஊசி போட்டுச் சதை எடுப்பது. ஆடி முதல் வாரம் காகிதம் வந்தது. தோளில் ஒன்றுமில்லை. நுரையீரலின் உச்சியில் கேன்சர் கட்டி உட்கார்ந்துகொண்டு தோள் நரம்பை அழுத்துகிறது. ஈரலுக்கும் போயிருக்கிறது.

காகிதத்தை டாக்டர் அனுப்ரியாவிடம் காட்டினாள். டாக்டர் ரெண்டு தரம் படித்தாள்.

"சாருக்குப் பழக்கம் உண்டா, ஷம்ஷாத்க்கா?"

"உண்டு மேடம்."

"எத்தனை வருஷமா?"

"நாப்பது வருஷமா. எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடிலேர்ந்து."

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் பேரைத் தட்டினாள். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கணக்கெடுத்தவர் பேர் என்று ஒரு வரி அங்கே இருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாள் என்று ஷம்ஷாத்துக்குப் புரிந்தது.

"நான்தான் மேடம் போட்டேன். அவரைக் கேக்கவேயில்ல. பக்கத்துலதான் இருந்தாரு. கேக்காம போட்டேன்." கையிலிருந்த பையின் வாரை முறுக்கினாள். "சந்து பூராவும் அப்பிடித்தான் மேடம். நோன்பு மாசம்."

வெளியே மாத்திரைக்கு நிற்கிறவர்கள் டோக்கன் நம்பருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பவே அந்த பஸ்ல பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா மேடம்?"

டாக்டர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாத பெண். "தெரிஞ்சிருக்கலாம். அப்பவே பரவியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எனக்குத் தெரியலக்கா." அப்புறம், "சந்துல எத்தனை பேர் இருப்பாங்க?"

"முப்பதுக்குக் குறையாது."

பஸ் ஆவணி பிறந்து பத்து நாள் வரை வரும் என்றாள் டாக்டர். திரும்பவும் எடுங்கள். ஏன் மாறியது என்று மேலே கேட்பார்கள், நீங்கள் சொன்னதை அப்படியேதான் எழுத வேண்டியிருக்கும், அதற்கப்புறம் இந்த வேலை உங்களுக்கு இருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஷம்ஷாத் எழுதுங்கள் என்றாள்.

புருஷனிடம் சொல்வதுதான் பெரிய மாடிப்படியாக இருந்தது. முதல் மருந்து ஏற்றி வந்த நாலாம் நாள். வாயில் ருசி இல்லை, தால்ச்சா இரும்பு மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு, மோர்சாதத்தை ரெண்டு வாய் தின்றுவிட்டு ஜன்னலோரம் சாய்ந்திருந்தார். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டுப் போன சாயங்காலம்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"சொல்லு. நான் எங்க ஓடிடப் போறேன். ஓடினா மூச்சு வாங்குது."

சொன்னாள். படிவம், மூன்று கட்டம், கஞ்சி, சீதா, எவர்சில்வர் டப்பா, ஒன்றையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். வெட்டப்போகிற துணியைப் பார்க்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"ஆமா."

"நாலடி தூரத்துலதான் இருந்தேன்."

"ஆமாங்க."

"இல்லன்னு எழுதறப்போ நல்லா இருந்திருக்கும், இல்ல ஒனக்கு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ரெண்டு நாள் பேசவில்லை. மாத்திரையைக் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொண்டார், தம்ளரைத் தரையில் வைத்தார், அவள் கையில் கொடுக்கவில்லை.

அந்த ரெண்டு நாளும் ஷம்ஷாத் போனை எடுத்துக்கொண்டு சந்தில் ஏறி இறங்கினாள். இப்போது நோன்பில்லை, கேள்வியை முழுசாகக் கேட்டாள். ஆனால் சந்து மாறிவிட்டிருந்தது. போன தடவை வெட்கம் பதில் சொன்னது, இந்தத் தடவை பயம் சொன்னது. மெஹபூப் பாஷாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தேடினார்கள், தேடினதால் கிடைத்தது. தேடாமல் இருந்தால் தோள் வலியோடு போயிருக்கும் என்று சந்துக்கு ஒரு நியாயம் உண்டாகியிருந்தது. நேற்றுவரை பிடித்தவர்கள் எல்லாம் சின்ன வயசில் ஒன்றிரண்டு பிடித்தவர்களாகிவிட்டார்கள். ஒரு வீட்டில் பெண்டாட்டியே, அவருக்கு அந்த வாசனையே ஆகாது பாபி என்று கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து வாசனை வந்தது.

மூன்றாம் நாள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"எத்தினி பேரு ஆமான்னான்?"

திடுக்கிட்டு நின்றாள். "ரெண்டு பேரு."

"இல்லன்னவன் பேரெல்லாம் படி."

படித்தாள். ஒவ்வொரு பேருக்கும் அவர் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். ஆசிஃப் பேர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவன் இன்னா சொன்னான்?"

"விட்டு ரொம்ப வருஷமாச்சாம். அதுக்கு முன்னாடியும் எப்பவோ ஒண்ணாம்."

"முந்தாநாள் என்னைப் பாக்க வந்துட்டு, வாய்ல ஏலக்காயை மென்னுக்கினு உக்காந்திருந்தான். வாசல் வரைக்கும் பிடிச்சிட்டு வந்திருக்கான்." சிரிக்கப் போய் இருமல் வந்தது. அடங்க நேரமாயிற்று. அடங்கினதும், "வெள்ளிக்கெழம டீக்கடையாண்ட எனக்கு ஒரு சேர் போடு," என்றார். "நீ போனை எடுத்துக்கினு பக்கத்துல நில்லு. பேசாத. நீ பேசினதெல்லாம் போதும்."

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலிருந்து சந்து திரும்பி வருகிற நேரம். டீக்கடை பக்கத்தில், பிளாஸ்டிக் சேரில், முடி கொட்ட ஆரம்பித்த தலையில் உல்லன் தொப்பி போட்டுக்கொண்டு மெஹபூப் பாஷா உட்கார்ந்திருந்தார். ரெண்டு மாசத்தில் சட்டை ரெண்டு சைஸ் பெரிசாகியிருந்தது. தானே பிடித்துத் தைத்துக்கொள்ளாமல் அப்படியே விட்டிருந்தார். சலாம் சொல்ல வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இவன் பேரு எழுதிக்க ஷம்ஷாத். அம்பத்தெட்டு வயசு. தொண்ணூறுலேர்ந்து, நாளைக்குப் பதினெட்டு. பெருநாள் கீது, கல்யாணம் கீதுன்னா இருபத்தஞ்சு."

"மாஸ்டர், நான் விட்டுட்டேன்."

"எப்போ?"

"போன வாரம்."

"விட்டவனும் சேத்திதான். எழுதிக்க."

ஒருத்தன் தான் பிடித்ததேயில்லை என்று ஆரம்பித்தான். "ஒனக்கு மொதல் தம்முக்கு நெருப்பு குடுத்ததே நாந்தான்டா," என்றார் மாஸ்டர். "தேனாம்பேட்டைல, மழையில, கடை ஓரமா நின்னுக்கினு இருந்தோம். இருமி இருமிக் கண்ல தண்ணி வந்துச்சு ஒனக்கு. நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்புக்கு இப்போ நான் கணக்கு குடுத்துக்கினு கீறேன். எங்கிட்ட இல்லன்னு சொல்லாத." அவன் வயசைச் சொன்னான். நாளைக்கு எத்தனை என்றும் சொன்னான். டீக்கடைக்காரர் அன்று சிகரெட் டப்பாவைக் கல்லாவுக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டார், யாரும் சொல்லாமலே.

அஸருக்குள் இருபத்தாறு பேர். பக்கத்தில் நின்று ஷம்ஷாத் ஒவ்வொருவருக்கும் ஒன்பது கேள்வியையும் தட்டினாள். அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் டீ வந்தபோது பாதி குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

ஆசிஃப் மட்டும் அன்றைக்குப் பள்ளிவாசலின் பின் வாசல் வழியாகப் போய்விட்டான். அவன் பேர், வயசு, நாளைக்குப் பதினைந்து, முப்பது வருஷம் எல்லாவற்றையும் மாஸ்டரே சொல்லி எழுதவைத்தார். பேர் பட்டியலில் வந்துவிட்டது. ஆள் வர வேண்டுமே.

பஸ்ஸுக்குக் கடைசி நாள். சுகாதார நிலையத்து வாசலில் பெரிய வெள்ளை பஸ், உள்ளே ஏசி உறுமுகிறது. டாக்டர் அனுப்ரியா ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு பேரும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மாப்பிள்ளை பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிஃபுக்குப் போன் போட்டால் மணி அடித்து நின்றது. கடை பூட்டியிருந்தது. சீதா வந்து, அடுத்த மாசத்திலிருந்து பீர் சாயபு சந்தையும் தன்னையே பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சரி என்றாள் ஷம்ஷாத்.

பஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெஹபூப் பாஷா சேரிலிருந்து எழுந்தார். "வா," என்றார் அவளைப் பார்த்து. அந்த ரெண்டு வாரத்தில் நேராக அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

ஆசிஃப் வீடு சந்துக் கடைசியில், மூன்றாம் மாடி. செங்குத்தான இரும்புப்படி. வாசலில் நின்று அவள் நான் போகிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டினார். "நீ போனா கதவத் தொறக்க மாட்டான். நான் போனா என்னா பண்ணுவான்னு பாக்கலாம்."

"ஏற முடியாதுங்க ஒங்களால."

"தெரியும்."

ஏறினார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, இடது கையால் கம்பியைப் பிடித்தார். ஒரு படிக்கு ஒரு தரம் நின்றார். முதல் மாடித் திருப்பத்தில் அவர் முதுகு மறைந்தது. அதற்கப்புறம் ஷம்ஷாத்துக்குச் சத்தம் மட்டும்தான். செருப்பு, மூச்சு, இருமல், செருப்பு. போனில் மணி பார்த்தாள். பஸ் கிளம்ப இன்னும் இருபது நிமிஷம். இரண்டாம் மாடி வரை போயிருப்பார் என்று நினைத்தபோது இருமல் பிடித்துக்கொண்டது. நீளமான இருமல். சந்தில் நாலைந்து மிஷின்கள் அப்படியே நின்றன. இருமலுக்கு நடுவில் உடைந்த குரலில், "ஆசிஃப்," என்று ஒரு தரம். "டேய், இதுக்கு மேல ஏற முடியலடா. நீ எறங்கி வா."

மேலே கதவு திறக்கவில்லை. ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஷம்ஷாத்தின் கால் பறந்தது. அவள் போகவில்லை. போனால் அவர் ஏறினது வீணாகிவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளங்கையில் துரு அப்பியது.

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். ஆசிஃப் பெண்டாட்டியின் அழுகை ஒரு நொடி கேட்டு அடங்கியது. அப்புறம் யாரோ படியில் உட்கார்ந்தார்கள், இரும்பு முனகியது. ரெண்டு பேரும் பேசிக்கொண்டார்கள், கீழே காதில் விழாத அளவுக்கு. ஒருத்தர் சிரித்தார். யார் என்று தெரியவில்லை. ஒருத்தர் அழுதார், அதுவும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் படி அதிர ஆரம்பித்தது. முதலில் தெரிந்தது ஆசிஃபின் வெறுங்கால், செருப்புக்கூடப் போடாமல் வந்திருந்தான். அவன் முதுகில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, மெஹபூப் பாஷா. ஒரு கை ஆசிஃபின் கழுத்தைச் சுற்றியிருந்தது. உல்லன் தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

"ஒரு எடையும் இல்ல பாபி," என்றான் ஆசிஃப், மூச்சு வாங்கியபடி. "ஒண்ணுமேயில்ல."

முகத்தைத் துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை இல்லை. ஷம்ஷாத் தன் துப்பட்டா நுனியால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, வழியில் நின்ற சைக்கிளை ஓரமாகத் தள்ளினாள். பஸ்ஸுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.